பொதுநோக்கம் என்பது யாருடைய நோக்கம்?

(காணி உரிமை குறித்து யாழ்ப்பாணத்தில் கூடிய கூட்டமொன்றில், சட்டத்துறை அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அரசாங்கம் ஒரு குடிமகனுடைய காணியை அவனுடைய விருப்பத்துக்கு மாறாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் பற்றியது. இந்த அதிகாரம் இறைமையோடு கூடப் பிறந்தது என்று சட்ட அறிஞர் கூறுவர். இவ்வதிகாரமே கூடாது என்று வாதிக்க நான் இங்கே வரவில்லை. தெருவை அகலமாக்க ஒருவர் தம் வேலிக்கரையில் நாலடி விட்டுக்கொடுக்க மறுத்தால் ஊர் முழுவதும் நின்றுவிட வேண்டுமா? பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வாய்க்காலுக்கும் காணி வேண்டும். நியாயமான நட்டஈடு கொடுத்து அதனை எடுப்பதை எவரும் குறைகூற மாட்டார்.

ஆனால், நகரத்துக்கு வரி வருமானம் கூடும், வேலைவாய்ப்புப் பெருகும், கட்டடங்கள் அழகாக எழும் என்று காரணம் காட்டி, ஒரு குடும்பத்தின் வளவை எடுத்து, அதனை மற்றொரு தனியாரிடம் கொடுக்கலாமா? பணக்காரர் ஒருவர் அதே மண்ணில் அதிகம் சம்பாதிப்பார் என்பதனால் மட்டும் ஏழையின் மண் பொதுநோக்கத்துக்குரிய மண் ஆகிவிடுமா? இவ்வினா 2005ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அந்த வழக்கின் கதையை நான் சற்று விரிவாகவே சொல்லப்போகின்றேன். அதில் நமக்குப் படிப்பினை உண்டு. அது நம்முடைய சட்டப் புத்தகத்தில் உள்ள ஒரு சொல்லையும் தொடுகிறது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கொனெற்றிக்கட் என்னும் மாநிலம் உண்டு. அதில் கடலோரமாக நியூ லண்டன் என்று ஒரு சிறு நகரம். முற்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களால் செழித்த துறைமுகம் அது. பின்னர் கடற்படையை நம்பி வாழ்ந்தது. அந்நகரின் போர்ட் டிரம்புல் என்ற பகுதியில் இயங்கிய கடற்படை ஆய்வு நிலையம் 1996இல் மூடப்பட்டது. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் வேலை கொடுத்த இடம் அது. 1998இல் அந்நகரத்தின் வேலையின்மை, மாநிலத்தின் சராசரியைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. குடித்தொகை 24,000க்கும் கீழே இறங்கிவிட்டது. 1920ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வளவு குறைவாக அந்நகரத்தில் மக்கள் இருந்ததில்லை. நகர சபையார் கவலை கொண்டது நியாயமே. அவர்களுடைய நிலையில் நாம் இருந்தாலும் ஏதாவது செய்யத்தான் முனைந்திருப்போம்.

அவர்கள் செய்தது என்ன? ஓர் அபிவிருத்திக் கழகத்துக்கு உயிர்கொடுத்தார்கள். அது இலாப நோக்கமற்ற தனியார் கழகம். மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை அன்று. 1998 பெப்ரவரியில், மருந்து உற்பத்தியிற் பெயர்பெற்ற பைசர் கம்பனி, போர்ட் டிரம்புலுக்கு அடுத்த காணியில் முப்பது கோடி டொலர் செலவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்கப்போவதாக அறிவித்தது. அந்தக் கம்பனியின் நிழலில் நகரம் முழுவதும் தழைக்கும் என்று நம்பி, பக்கத்திலுள்ள தொண்ணூறு ஏக்கருக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்தார்கள். நம்மூர்க் கணக்கில் அது 1,440 பரப்பு. அதில் விடுதி ஒன்று, கடைவீதி, அலுவலகங்கள், புதிய குடியிருப்பு, படகுத்துறை என்று எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டன. அப்பகுதியில் ஏற்கெனவே இருந்தவை தனியாருக்குச் சொந்தமான ஏறத்தாழ 115 ஆதனங்கள். அவற்றிலே மனிதர் குடியிருந்தார்கள் என்பதுதான் வரைபடத்துக்கு இடைஞ்சல்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் நகர சபை திட்டத்தை அங்கீகரித்தது. காணியை விலைபேசி வாங்கவும், உடன்படாதவரிடம் நகரத்தின் பெயரால் கட்டாயமாக எடுக்கவும், அந்தக் கழகத்துக்கே அதிகாரம் கொடுத்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். வாக்காளரிடம் பதில் சொல்லவேண்டிய சபை, தன் கையிலிருந்த மிகக் கொடிய ஆயுதத்தை, எந்த வாக்காளனுக்கும் பதில் சொல்ல வேண்டாத கழகத்தின் கையில் ஒப்படைத்துவிட்டது.

பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்பது உரிமையாளர் மட்டும் பதினைந்து ஆதனங்களை விட்டுக்கொடுக்க மறுத்தனர். அவர்களில் ஒருவர் சூசெற் கீலோ என்ற தாதி. 1997இல் அங்கு ஒரு சிறு வீட்டை வாங்கித் திருத்தி, இளஞ்சிவப்பு வர்ணம் பூசி, ஆற்றைப் பார்த்தபடி வாழ்ந்தவர். இன்னொருவர் 1918இல் அதே வீட்டிற் பிறந்து, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்த மூதாட்டி. அவருடைய கணவரும் அறுபது ஆண்டுகளாக அவரோடு அவ்வீட்டில் வாழ்ந்தவர். இந்த வீடுகள் பாழடைந்தவை என்றோ, சுகாதாரக் கேடானவை என்றோ நகர சபையே சொல்லவில்லை. அவை திட்டத்தின் எல்லைக்குள் இருந்தன. அவ்வளவே அவற்றின் குற்றம். அமெரிக்கச் சட்டத்தில் இவ்வாறு காணி எடுப்பதைக் 'கொண்டெம்னேசன்' என்பர். குற்றவாளிக்குத் தண்டனை விதிப்பதற்கும் அதே சொல்தான். சொல்லை ஆக்கியவர்கள் அறிந்து ஆக்கினார்களோ, அறியாமல் ஆக்கினார்களோ, பொருத்தமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

வழக்கு மாநில நீதிமன்றங்களைக் கடந்தது. மாநில உயர் நீதிமன்றத்தில் 2004இல் நால்வர் நகரத்தின் பக்கமும் மூவர் குடியிருப்பாளர் பக்கமும் நின்றனர். பின்னர் வழக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. 2005 ஜூன் 23ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நகரம் வென்றது.

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், தனியார் சொத்தைப் பொது உபயோகத்துக்கு எடுப்பதாயின் நியாயமான நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று விதிக்கிறது. உபயோகம் என்ற சொல்லை அங்கே கவனிக்கவேண்டும். தெரு பொது உபயோகம், ஏனெனில் நீங்களும் நானும் அதில் நடப்போம். விடுதியும் அலுவலகமும் எவ்வாறு பொது உபயோகமாகும்? பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ் கூறிய விடை, உபயோகம் என்பதைப் பொதுநோக்கம் என்று விரிவாகக் கொள்ளலாம் என்பது. பொருளாதார வளர்ச்சியும் பொதுநோக்கமே. நன்கு ஆராய்ந்து வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று இருக்கையில், அது பலிக்குமா பலிக்காதா என்று நீதிமன்றம் எடைபோடுதல் தகாது என்றார் அவர். ஒருவரின் காணியைப் பறித்து இன்னொருவருக்கு நன்மை செய்வதையே ஒரே நோக்கமாகக் கொண்டால் அது செல்லாது என்றும் எழுதினார். மாநிலங்கள் விரும்பினால் தத்தம் சட்டத்தை இறுக்கிக்கொள்ளலாம் என்றும் இடம்விட்டார்.

இவ்வாதத்தை நான் எள்ளி நகையாட விரும்பவில்லை. மக்கள் தெரிவுசெய்த சபையின் தீர்மானத்தை, எவரும் தெரிவுசெய்யாத நீதிபதி தட்டிக்கழிக்கலாகாது என்பதில் உண்மை உண்டு. நூறுபேர் உடன்பட்ட திட்டத்தை, விலையை ஏற்றுவதற்காகவே ஒருவர் மறித்துநிற்பதும் உலகில் நடப்பதுதான். ஆயினும் மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஒக்கொனர் அம்மையார் கண்ட அபாயம் பெரிது. எந்த ஆதனமும் அதைவிட அதிக இலாபம் தரக்கூடிய வேறொருவர் கையிற் சேரலாம் என்றால், மலிவான தங்குவிடுதி இருக்கும் இடத்தில் ஆடம்பர விடுதியையும், வயல் இருக்கும் இடத்தில் தொழிற்சாலையையும் கொண்டுவர அரசாங்கத்துக்கு எந்தத் தடையும் இராது என்று அவர் எச்சரித்தார். உழவர் பெருமக்களே, வயலை அவர் எடுத்துச் சொன்னது தற்செயல் அன்று. நெல்லும் வெங்காயமும் புகையிலையும் விளையும் நிலம், வரிக் கணக்கில் எப்போதும் கட்டடத்துக்குத் தோற்றுத்தான் போகும். தனியே மாறுபட்டு எழுதிய நீதியரசர் தோமஸ், இந்தச் சுமை ஏழை மக்களின் தலையிலேயே விழும் என்றார். செல்வரின் மாளிகைக்கு மேல் இத்தகைய திட்டம் வரையப்படுவதில்லை.

இந்தப் போக்கு 2005இல் தொடங்கியது அன்று. 1954இல் தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதி பற்றி ஒரு வழக்கு நடந்தது. அங்கே ஒரு பிரிவில் 5,012 பேர் வாழ்ந்தனர். நூற்றுக்கு 97.5 வீதத்தினர் கறுப்பின மக்கள். வீடுகளில் நூற்றுக்கு 64.3 வீதம் திருத்தவே முடியாதவை என்று கணக்கெடுத்திருந்தார்கள். சேரியை அகற்றுவது பொதுநன்மை என்று நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நோயும் குப்பையும் சூழ்ந்த இடத்தைத் திருத்துவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வழக்குத் தொடுத்தவருடைய கட்டடம் சேரிவீடு அன்று. அது நல்ல நிலையிலிருந்த கடை. பகுதி முழுவதையும் ஒன்றாகவே திருத்தவேண்டும் என்று கூறி அதனையும் எடுத்தார்கள். அந்தச் சேரியில் வாழ்ந்த மக்கள் பின்னர் அங்கே எழுந்த புதிய வீடுகளில் வாழ வசதியற்றவர்களாகச் சிதறிப்போயினர். சேரியைத் திருத்த என்று வாங்கிய அதிகாரம், சேரியல்லாத கடைக்கு நீண்டது. அங்கிருந்து பொருளாதார வளர்ச்சிக்கு ஓர் எட்டுத்தான்.

அந்த எட்டையும் 1981இல் டெற்றொயிற் நகரம் வைத்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிக்குக் கார்த் தொழிற்சாலை அமைப்பதற்காக, போலந்து நாட்டுக் குடியேறிகளும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த போல்ரவுன் என்னும் பகுதியை நகர சபை எடுத்தது. நாலாயிரம் வரையிலான மக்கள் வெளியேறினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும், கடைகளும், தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. ஆறாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி நீண்டகாலம் நிறைவேறவில்லை. மிச்சிகன் மாநில உயர் நீதிமன்றம் 1981இல் அதனை அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2004இல், முன்னைய தீர்ப்புப் பிழையானது என்று வெளிப்படையாகக் கூறி அதனை நிராகரித்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின் வந்த நீதி அது. இடித்த தேவாலயத்தை அது திரும்பக் கட்டவில்லை.

சரி, நியூ லண்டனில் முடிவு என்னாயிற்று? அவ்வளவு பாடுபட்டு எடுத்த காணியில் என்ன எழுந்தது? வழக்கில் நகரம் வென்றது. குடியிருப்பாளர் போனார்கள். இளஞ்சிவப்பு வீட்டைக் கழற்றி எடுத்து 2008இல் நகரின் வேறொரு வீதியில் நிறுவினார்கள். மற்ற வீடுகள் இடிக்கப்பட்டன. திட்டத்துக்கென்று ஏழு கோடி டொலருக்கு மேற்பட்ட பொதுப்பணம் செலவாயிற்று. 2009 நவம்பரில், எந்தக் கம்பனியை நம்பித் திட்டம் வரைந்தார்களோ அந்தக் கம்பனி, நியூ லண்டனை விட்டு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள குறோற்றன் நகருக்குப் போவதாக அறிவித்தது. விடுதி வரவில்லை. கடைவீதி வரவில்லை. பல ஆண்டுகளாக அவ்வளவு நிலமும் புல்முளைத்து, சொந்தமில்லாத பூனைகள் திரியும் வெளியாகக் கிடந்தது. 2011இல் புயல் அடித்தபோது முறிந்த மரங்களையும் குப்பையையும் கொண்டுபோய்ப் போடும் இடமாக அது பயன்பட்டது. அண்மைய ஆண்டுகளிலேதான் அங்கே கட்டட வேலைகள் தலைகாட்டின. அந்த மூதாட்டி 2006இல் காலமானார்.

திட்டம் பலிக்கவில்லை என்பதனால் மட்டும் நான் இதனைக் கண்டிக்கவில்லை. பலித்திருந்தாலும் வினா வினாவாகவே நிற்கும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். காணியைப் பறிக்கும்போது எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் வார்த்தைகளுக்கு ஒருவரும் பிணை நிற்பதில்லை. வாக்குறுதி கொடுத்த கம்பனி போகலாம். வரைபடம் வரைந்த அதிகாரி இளைப்பாறலாம். தீர்மானம் நிறைவேற்றிய சபை தோற்கலாம். காணியை இழந்தவன் மட்டும் இழந்தவனாகவே இருப்பான்.

அமெரிக்க மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தீர்ப்பு வெளிவந்த சில ஆண்டுகளுள் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின. சில மாநிலங்கள் பெயரளவிலேயே திருத்தின என்பதும் உண்மை. நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு, சட்டசபைகளிலே பாதி வென்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் நகர சபையே நேராகக் காணி எடுக்கலாம். இலங்கையில் மாநகர சபையாயினும் நகர சபையாயினும் பிரதேச சபையாயினும், தானாகக் கட்டாயக் காணி எடுக்க முடியாது. மத்திய அரசாங்கத்தின் அமைச்சர் மூலமாக, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழேயே எடுக்கவேண்டும். இது நல்லது என்று முதலிற் தோன்றும். ஆனால் உள்ளூர் மக்களுக்கு உள்ளூரிற் பதில் சொல்லும் சபையிடமிருந்து தீர்மானம் கொழும்புக்குப் போய்விடுகிறது என்பதே அதன் பொருள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகாரசபை இதனை இன்னும் ஒருபடி கொண்டுபோயிற்று. ஒரு பிரதேசத்தை அபிவிருத்திப் பிரதேசம் என்று அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனஞ் செய்துவிட்டால், அவ்விடத்தில் அந்த அதிகாரசபையின் கை ஓங்கிவிடும். அதன் தேவைக்காக அரசாங்கம் காணி எடுத்துக் கொடுக்கலாம். நியூ லண்டன் நகரம் தன் அதிகாரத்தைக் கழகத்துக்குக் கொடுத்தது. நம்முடைய சபைகளிடமோ அதனைக் கேட்டுப் பெறவேண்டிய தேவையே இல்லை.

1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் மையச் சொல்லும் பொதுநோக்கம் என்பதுதான். அமெரிக்க நீதியரசர்கள் விளக்கத்தின் மூலம் உபயோகத்தை நோக்கமாக நீட்டினர் என்றேன். நமக்கு அந்தச் சிரமமே வைக்கப்படவில்லை. முதலிலிருந்தே நோக்கம் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நோக்கம் எது, எது அன்று என்று சட்டம் முழுமையாக வரையறுக்கவும் இல்லை. மேலும் ஐந்தாம் பிரிவின் கீழ் அமைச்சர் செய்யும் பிரகடனம், காணி பொதுநோக்கத்துக்குத் தேவை என்பதற்கு முடிவான சான்றாகும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. முப்பத்தெட்டாம் பிரிவின் காப்புவாசகம் இன்னும் கூரியது. அவசரம் என்று அமைச்சர் கருதினால், நட்டஈட்டு விசாரணை முடியுமுன்னரே, முதல் அறிவித்தல் ஒட்டிய பின் எந்த வேளையிலும் காணியை உடைமையாக்கிக்கொள்ளலாம். அவசரம் இல்லாத அபிவிருத்தியை நான் இன்னும் கண்டதில்லை.

நம்முடைய உயர் நீதிமன்றம் இதிற் சில வேலிகளை அமைத்துத் தந்திருக்கிறது. அவற்றை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 1993இல் டி சில்வா எதிர் அத்துக்கோரளை என்ற வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, காணி எடுக்கும் அதிகாரம் பொதுநன்மைக்காகத் தரப்பட்டதேயன்றி, அதிகாரிகளின் சொந்த நலனுக்கோ தனிப்பட்ட பழிக்கோ தரப்பட்டதன்று என்று விளக்கினார். எடுத்த நோக்கத்துக்குக் காணி பயன்படாதபோது திருப்பிக் கொடுக்கும் அதிகாரம், விரும்பினால் மட்டும் பயன்படுத்தும் சலுகை அன்று என்ற கருத்தையும் அத்தீர்ப்பிற் காணலாம். 2000இல் மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கில், இரண்டாம் பிரிவின் அறிவித்தல் விடுக்குமுன் அமைச்சரின் மனதில் திட்டமான பொதுநோக்கம் ஒன்று இருக்கவேண்டும், அது அறிவித்தலிற் கூறப்படவும் வேண்டும் என்று அவரே தீர்ப்பளித்தார். வெறுமனே பொதுநோக்கம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போக முடியாது.

2008இல் வந்த வாட்டர்ஸ் எட்ஜ் தீர்ப்பு, கீலோ வழக்குக்கு நேர் எதிரான திசையிற் சென்றது என்பேன். பத்தரமுல்லையில் 1980களில் பொதுநோக்கத்துக்கென்று எடுக்கப்பட்ட நிலம், பின்னர் தனியார் கம்பனியின் கொல்ப் மைதானமாயிற்று. எளிய மக்களிடமிருந்து எடுத்த காணியில், கட்டணம் கட்டக்கூடிய சிலர் பந்தடித்தார்கள். நீதியரசர் சிராணி திலகவர்தன அம்மையார் வழங்கிய தீர்ப்பு, அரசின் அதிகாரம் மக்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்ட நம்பிக்கைச் சொத்து என்று கூறி, அந்தக் கைமாற்றத்தைச் செல்லாததாக்கியது. முன்னாள் சனாதிபதி ஒருவர் முப்பது இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்றும் கட்டளையிட்டது. தனியார் இலாபத்துக்குப் பொதுநோக்கம் என்று பெயர் சூட்டினால், பெயர் சூட்டியவர் எவ்வளவு பெரியவராயினும் கேள்வி கேட்கப்படுவார் என்பதை அந்நாள் காட்டியது.

எனினும் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியவர் எத்தனை பேர்? 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. தெருவை அழகுபடுத்தும் வேலை படையினரை ஆளும் அமைச்சுக்கு எதற்காக என்று அக்காலத்தில் உரக்கக் கேட்டவர் சிலரே. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அவர்களிற் பலருடைய விடயத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிமுறைகூடப் பின்பற்றப்படவில்லை. தமக்குச் சொந்தமான வீட்டை இழந்தவர்களும், கொடுத்த மாடிவீட்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாவைத் தவணையாகக் கட்டவேண்டும் என்று சொல்லப்பட்டது. நட்டஈடு பெறவேண்டியவன் கடன்காரனாக்கப்பட்ட விந்தையை நியூ லண்டனிலும் நாம் காணவில்லை.

வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்ட அறிவித்தலைப் பற்றி நான் பேசாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். அது நகரத் திருத்தம் அன்று. படைத் தேவைக்கென்று செய்யப்பட்டது. ஆகையால் இன்றைய பொருளுக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஆனால் கருவி ஒன்றே: அதே சட்டம், அதே இரண்டாம் பிரிவு, அதே பொதுநோக்கம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார்கள் என்பதே அதிற் கவனிக்கவேண்டிய செய்தி. தனித்தனியே நின்றிருந்தால் ஒவ்வொரு வேலியாக விழுந்திருக்கும்.

நகரங்கள் திருந்தத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் வடிகாலும் சந்தையும் பேருந்து நிலையமும் வேண்டும். அவற்றுக்காகக் காணி கேட்கப்படும். நாம் கேட்கவேண்டியவை வேறு. பொதுநோக்கம் இன்னது என்று சட்டத்திலே எழுதுங்கள். ஒரு தனியாருக்குக் கொடுப்பதற்காக மற்றொரு தனியாரின் காணியை எடுப்பதில்லை என்று எழுதுங்கள். உள்ளூரிலே தெரிவுசெய்யப்பட்ட சபை, மக்கள் முன்னிலையில் விவாதித்து இணங்கிய பின்னரே அமைச்சர் அறிவித்தல் விடுக்கலாம் என்று எழுதுங்கள். திட்டம் கைவிடப்பட்டால் காணி உரியவனிடம் திரும்பவேண்டும் என்று எழுதுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு 1979இல் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு இப்போது உண்டு. நட்டஈடு கொடுக்கப்பட்டிருந்தாலோ, காணியில் திருத்த வேலை ஏதும் நடந்திருந்தாலோ அது உதவாது. ஒரு மதிலைக் கட்டிவிட்டு, திருத்தம் செய்துவிட்டோம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்தப் பிரிவையும் அகலப்படுத்தவேண்டும். நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர்கள் இவற்றை ஒரு தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவரலாம். அது தோற்றாலும் அமைச்சரின் பதில் ஹன்சார்ட்டிற் பதிவாகும்.

சட்டம் திருந்தும்வரை இப்போதுள்ள சட்டத்தை அறிந்து நடக்கவேண்டும். உழவர் பெருமக்களுக்காக இதனைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மரத்திலோ மதிலிலோ இரண்டாம் பிரிவு அறிவித்தலைக் கண்டால் அதன் வாசகத்தை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். நோக்கம் கூறப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாலாம் பிரிவு அறிவித்தலே உங்கள் ஆட்சேபத்துக்குரிய இடம். பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை ஒன்று அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பவேண்டும். அனுப்பியவருக்குத் தம் பக்கத்தை எடுத்துக்கூறும் வாய்ப்பும் கொடுக்கப்படவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சில் விதானையாரிடம் சொன்னேன், பிரதேச செயலகத்திற் சொன்னேன் என்பது பயன்படாது.

அதன்பின் ஏழாம் பிரிவு அறிவித்தல் வந்தால், அது நட்டஈடு பற்றியது. அந்த அறிவித்தல் வெளியான நாளில் பகிரங்கச் சந்தையில் என்ன விலை போகுமோ அதுவே கணக்கு. விசாரணை நாளுக்கு ஏழு நாள் முன்னதாகவேனும் உங்கள் உரிமையின் தன்மை, கேட்கும் தொகை, அத்தொகையை எவ்வாறு கணித்தீர்கள் என்பவற்றை எழுத்தில் கொடுத்துவிடவேண்டும். கிணறு, துலாக்கால், பயன்தரு மரம், வேலி எல்லாவற்றையும் எழுதுங்கள். தீர்மானித்த தொகை போதாது என்று கண்டால், அறிவித்தல் கிடைத்து இருபத்தொரு நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம்.

நம் காணிகளில் ஒரு தொல்லை உண்டு. முதுசமாக வந்த வளவு பிரிக்கப்படாமலே கிடக்கும். ஒரு பங்கு அண்ணருக்கு, ஒரு பங்கு தங்கைக்குச் சீதனம், இன்னொரு பங்கு எவருக்கென்று எவருக்கும் தெரியாது. பங்காளர் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் இலண்டனில். விசாரணை நாளன்று இங்கே நிற்பவர் ஒருவரே. மற்றவர்களுக்காக அவர் பேசவேண்டுமாயின், எழுத்திலே கொடுத்த அதிகாரம் அவர் கையில் இருக்கவேண்டும். இவ்விடயத்திற் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், பழைய பெட்டியிலுள்ள உறுதிகளை எடுத்துப் பாருங்கள். எவருடைய பெயரில் எது கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடல்கடந்து இருப்பவர்களுக்கு இந்த வாரத்திலேயே கடிதம் எழுதி, அவர்களுடைய அதிகாரப் பத்திரத்தைக் கேட்டு எடுத்து வையுங்கள். உறுதி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உதவுவதற்கு இங்கே வந்திருக்கும் பிரசித்த நொத்தாரிசுமார் இணங்கியிருக்கிறார்கள். மண்டபத்தின் பின்பக்கத்தில் மேசை போடப்பட்டிருக்கிறது.